நம்பத் தகாதவர்: ராஜாமணி

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், உரக்கடை ஒன்றின் மாடியில், நான்கே பேர் வேலை பார்க்கும் சாப்ட்வேர் கம்பெனி ஒன்று இருக்கிறது. எடைமேடைகளுக்கான புரோகிராம் எழுதுவது அவர்கள் தொழில். லாரி மேடையில் ஏறி நின்றால் எடையைக் காட்டி, பதிந்துகொண்டு, சீட்டு அடித்துக் கொடுக்கும் புரோகிராம். அதை எழுதுபவர்கள் முதலாளி சித்தார்த்தனும் இன்னொருவரும். எழுதியதைப் பேக்கேஜாகக் கட்டுபவள் மலர்விழி. கட்டியதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வருபவன் முகம்மது ஆசிப்.

பேக்கேஜ் கட்டுவது என்றால் அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டுவது என்றுதான் மலர்விழியின் அம்மா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “பாவம், நாளெல்லாம் பேக்கிங் வேலை” என்பாள். மலர்விழி இரண்டு முறை விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். உண்மையில் பேக்கேஜ் என்பது ஒரே ஒரு ஃபைல். அதற்குள் புரோகிராமின் அத்தனை ஃபைல்களும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் போய் உட்கார வேண்டும், அது யார் பெயரில் இருக்க வேண்டும், யார் அதைத் திருத்தலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம் என்பதும் கூடவே எழுதியிருக்கும். அவர்கள் வேலை பார்ப்பது லினக்ஸில். லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, ஒரு குரூப்பும் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத ஃபைல் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சொந்தக்காரர் விஷயத்தில் மலர்விழி மகா கறார். புரோகிராமின் ஃபைல்கள் எல்லாம் ரூட் பெயரில்தான் இருக்க வேண்டும். ரூட் என்பது கம்ப்யூட்டரின் தலைமைக் கணக்கு. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மட்டும் வேலைக்காக அந்தப் பெயரில் நுழைந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். புரோகிராம் ஓடுவதற்கென்று ‘எடை’ என்ற பெயரில் ஒரு யூசரை அவளே உருவாக்கியிருந்தாள். அந்த யூசருக்கு எடைகளைப் பதியும் ஃபோல்டர் மட்டும் சொந்தம். அதற்கு மேல் ஒரு அங்குலம் தரமாட்டாள்.

ஆசிப் இதற்கு நேர் எதிர். கோட்டக்குப்பத்துக்காரன். ஷார்ஜாவில் ஆறு வருஷம் சர்வர் அறைகளில் இருந்துவிட்டு, மகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் ஊரோடு வந்துவிட்டவன். அவனுக்கு வேலை நடந்தால் போதும். போன வருஷம் செஞ்சிப் பக்கம் ஒரு எடைமேடையில் சீட்டு அடிக்க மறுத்தபோது, எதிரில் எட்டு லாரி நிற்கிற அவசரத்தில், எடைகளைப் பதியும் ஃபோல்டரை எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டு வந்துவிட்டான். சீட்டு அடித்தது. பிரச்சினை தீர்ந்தது. மறுவாரம் மலர்விழி அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவனுக்கு ‘தர்மப்பிரபு’ என்று பெயர் வைத்துவிட்டாள். சித்தார்த்தன் டீ வாங்கிக் கொடுத்தால்கூட, “பாய்க்கு முதல்ல கொடுங்க சார், அவரு ஊருக்கே பங்கு வச்சிடுவாரு” என்பாள். ஆசிப் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். ஒரு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தான்.

மாசி மாதக் கடைசியில், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை அறுவடை தொடங்கியது. திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் இருக்கும் மல்லாட்டை மில் ஒன்று அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அந்த மில்லுக்காக இந்த முறை புரோகிராமில் ஒரு புது விஷயம் சேர்த்திருந்தார்கள். மல்லாட்டை ஈரமாக இருந்தால் எடையில் இத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை. ஈரத்தின் சதவீதத்தைத் தட்டினால் கழிவைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் தகராறு வருவதே இந்த இடத்தில்தான் என்று மலர்விழிக்குத் தெரியும். யாராவது அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் விவசாயிக்கோ மில்லுக்கோ மூட்டைக்கு இரண்டு கிலோ போய்விடும். அதனால் அவள் ஒரு காவல் போட்டாள். அட்டவணை ஃபைல் ரூட் பெயரில் இல்லாமல் வேறு யார் பெயரிலாவது இருந்தால் புரோகிராம் ஓடாது. திரையில் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை வாக்கியத்தை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவளே நல்ல தமிழில் எழுதினாள். எழுதிவிட்டு ஆசிப்பைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினாள். அவன், நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது என்றான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

வழக்கமாகப் பேக்கேஜ் கட்டுவது அலுவலகத்தில் இருக்கும் தனிக் கம்ப்யூட்டர். அதில் எல்லாக் கட்டளைகளும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது; ஒரு பட்டனைத் தட்டினால் பேக்கேஜ் தயார். அந்தத் திங்கட்கிழமை பார்த்து அதன் பவர் சப்ளை போய்விட்டது. மறுநாள் காலையில் மில் திறக்கும்போது புது வெர்ஷன் ஓட வேண்டும். மலர்விழி தன் லேப்டாப்பிலேயே கட்டளைகளைக் கையால் அடித்துக் கட்டினாள். அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. ஆசிப்புக்கு அனுப்பினாள். அவன் மாலையிலேயே வீட்டிலிருந்தபடி இன்டர்நெட் வழியாகத் திண்டிவனத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் காலை எட்டே கால் மணிக்கு, மயிலம் பக்கத்திலிருந்து வந்த முதல் லாரி மேடையில் ஏறியது. எடைமேடை ஆபரேட்டர் ராஜாமணி ஈரத்தைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். பெரிய சிவப்பு எழுத்தில் இப்படி வந்தது: ‘ஈர அட்டவணையின் உரிமையாளர் நம்பத் தகாதவர்: ராஜாமணி. எடை பதியப்படாது.’

பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதுவும் அவருக்குப் படிக்கத் தெரிந்த ஆங்கிலம்.

ராஜாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக அந்த மேடையில் இருக்கிறார். இரும்புத் தராசுக் காலத்திலிருந்து மூன்று மிஷினைப் பார்த்துவிட்டார். ஒரு மூட்டையைத் தூக்கும் ஆளின் முகத்தைப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள், அவரும் மறுக்கமாட்டார். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே தீர்ப்பு வந்தது. சீட்டுக்காக ஜன்னலோரம் நின்றிருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, “இன்னாண்ணே, மிஷினே சொல்லிடுச்சா” என்று கேட்டான். ராஜாமணி சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, தண்ணீர் தொட்டு, திரையில் தன் பெயர் இருந்த இடத்தில் ஒட்டினார். பிறகு நோட்டை எடுத்து எடைகளைக் கையால் எழுத ஆரம்பித்தார்.

ஒன்பது மணிக்கு மானேஜர் ஜெகதீசன் வந்தார். காலண்டர் தாளைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்காமல் உரித்தார். ஜெகதீசனுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும். கொஞ்சம்தான் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அட்டவணை இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, வலது பக்கம் கிளிக் செய்து, விவரம் பார்த்தார். சொந்தக்காரர் என்ற இடத்தில் ராஜாமணி என்றே இருந்தது. அதை போட்டோ எடுத்து மில்லின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ராஜாமணி எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். ராஜாமணி விளக்கம் எதுவும் எழுதவில்லை. நோட்டையும் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திரையிலிருந்து அந்த வார்த்தை போகிறவரைக்கும் உள்ளே வரமாட்டேன் என்று, வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் கைரேகை மிஷினிடம் சொல்வது போல, வாசலில் நின்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெகதீசன் ஆசிப்புக்குப் போன் செய்தார். ஆசிப் தன் லேப்டாப்பில் எதையோ பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மலர்விழிக்குப் போன் செய்தான்.

அட்டவணை ராஜாமணி பெயருக்கு எப்படிப் போயிற்று என்று மலர்விழிக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

“பாய், மறுபடியும் தர்மம் பண்ணிட்டீங்களா?”

“நான் ஒண்ணுமே தொடலை மேடம். நீங்க அனுப்பினதை அப்படியே ஏத்தினேன்.”

“அப்போ ஃபைல் தானா நடந்து போயி அவரு பேர்ல எழுதிக்கிச்சா?”

அவள் நேரில் வந்து பார்த்தால் நன்றாயிருக்கும் என்றும், தானும் பைக்கில் கிளம்புவதாகவும் மட்டும் ஆசிப் சொன்னான். குரலில் ரொம்ப மரியாதை இருந்தது. அந்த மரியாதையை மலர்விழி அப்போது கவனிக்கவில்லை.

விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறி, விக்கிரவாண்டியும் கூட்டேரிப்பட்டும் தாண்டுகிறவரை அவள் மனசுக்குள் ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டே வந்தாள். ரூட் பாஸ்வேர்டை இனி ஆசிப்பிடம் தரக்கூடாது என்பது அதன் முடிவுரை.

மில்லில் அவன் முன்னாடியே வந்து காத்திருந்தான். ஜெகதீசன் எடைமேடைக் கேபினில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். வெளியே ஆறு லாரியும் இரண்டு டிராக்டரும் நின்றன. மலர்விழி முதலில் ஃபைல்களின் பட்டியலைப் பார்த்தாள். அட்டவணை மட்டுமில்லை, நேற்று ஏறிய பன்னிரண்டு ஃபைல்களும் ராஜாமணி பெயரில் இருந்தன. அவற்றில் ஏழு ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் ராஜாமணியால் நுழையவே முடியாது. ரூட் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும். அவள் திரும்பி ஆசிப்பைப் பார்த்தாள்.

ஆசிப் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மேடம், பேக்கேஜ் உள்ளாற இன்னா எழுதியிருக்குன்னு ஒரு தபா பாத்துடுங்களேன்.”

அவள் சலித்துக்கொண்டே தன் லேப்டாப்பைத் திறந்து, நேற்றுக் கட்டிய பேக்கேஜின் உள்ளடக்கத்தைப் பட்டியலாக எடுத்தாள். பன்னிரண்டு வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் சொந்தக்காரர் மலர்விழி, குரூப்பும் மலர்விழி.

அவளுடைய காது மடல் சூடாயிற்று.

நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லா ஃபைலையும் ரூட் பெயரில் எழுது என்று சொல்லும் ஒரே ஒரு வார்த்தை, அலுவலகக் கம்ப்யூட்டரின் கட்டளை வரிசையில் இருக்கிறது. கையால் அடித்தபோது அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அதனால் பேக்கேஜில் கட்டியவளின் பெயரும் அவளுடைய எண்ணும் பதிந்துவிட்டன. லினக்ஸில் ஒவ்வொரு யூசருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு எண் உண்டு; சேர்க்கிற ஆட்களுக்கு ஆயிரத்திலிருந்து வரிசையாக வரும். பேக்கேஜை ஏற்றும் கம்ப்யூட்டர் முதலில் பெயரைத் தேடும். திண்டிவனத்தில் மலர்விழி என்று யூசர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் எண்ணை எடுத்துக்கொள்ளும். அவளுடைய லேப்டாப் சித்தார்த்தன் வைத்திருந்து கொடுத்தது. அதில் முதல் யூசர் சித்தார்த்தன், ஆயிரம். அவள் ஆயிரத்தொன்று. இந்த மில் கம்ப்யூட்டரில் முதல் யூசர் ஆசிப், ஆயிரம். அடுத்து சேர்த்த ராஜாமணி, ஆயிரத்தொன்று.

அலுவலகத்தில் சோதித்தபோது ஏன் ஓடியது? அங்கே மலர்விழி என்று யூசர் இருக்கிறது. தான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும், காவல் யாரையெல்லாம் விடலாம் என்று சொல்லும் நம்பத் தகுந்தவர்கள் பட்டியலில் ரூட்டுக்கு அடுத்து தன் பெயரையும் அவளே சேர்த்து வைத்திருந்தாள்.

ஆசிப் கேபினின் தகரக் கூரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் போன் செய்வதற்கு முன்னாலேயே இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

பன்னிரண்டு ஃபைல்களையும் ரூட் பெயருக்கு மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை பச்சையாயிற்று. ஜெகதீசனே உட்கார்ந்து லாரிகளை எடை போட ஆரம்பித்தார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்டபோது, சாப்ட்வேரில் ஒரு சின்னக் கோளாறு, சரியாகிவிட்டது என்றாள் மலர்விழி. அப்படியானால் ராஜாமணி எதையும் மாற்றவில்லையா என்று அவர் அழுத்திக் கேட்டார். மாற்றியிருக்க முடியாது என்றாள். முடியாது என்றால் அவர் பெயர் எப்படி வந்தது என்றார். சிஸ்டம் சில சமயம் அப்படிக் காட்டும் என்று சொல்லி, அவள் லேப்டாப்பை மூடினாள். ஜெகதீசன் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில், நீ அவரைக் காப்பாற்றுகிறாய் என்ற அர்த்தம் இருந்தது.

ஆசிப் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனாள். ராஜாமணி பெஞ்சின் ஓரத்தில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். சரியாகிவிட்டது, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

“எழுத்து போயிடுச்சாம்மா?”

“போயிடுச்சுண்ணே.”

“குரூப்புல போட்ட போட்டோ?”

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். மில்லின் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்தொரு பேர். அவருடைய மருமகன் லோடிங் பிரிவில் இருக்கிறான். அவனும் அதில் ஒருவன். போட்டோவின் கீழே யாரோ கண்ணை உருட்டும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

“பத்தொம்பது வருசம் உக்காந்துகினு இருக்கேன். எடையில ஒரு கிலோ தப்புன்னு எவனும் சொன்னதில்ல. இப்போ டப்பாவுல எழுதிக் காட்டுது, நம்பத் தகாதவன்னு. அந்த வார்த்தைய எவன் எழுதினான்னுதான் தெரியல. தெரிஞ்சா ஒரு வார்த்தை கேக்கணும்.”

மலர்விழி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தாண்ணே எழுதினேன். உங்க பேரு அதுல வந்ததும் என்னாலதான். நீங்க எதையும் தொடலை. நான் ஒரு வார்த்தைய விட்டுட்டேன், என்னோட நம்பர் உங்க பேர்ல வந்து ஒட்டிக்கிச்சு.”

திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் டீக்காரரைப் பார்த்து இன்னொரு டீ என்று விரலைக் காட்டினார். டீ வந்ததும் அவள் பக்கம் தள்ளினார்.

“இத என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே, நான் தொடலைன்னு. அந்தாண்ட இருக்குறவருகிட்ட சொல்லு.”

டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவளுக்கு அவகாசம் இருந்தது. அன்றைக்கு அவள் டீயை ரொம்ப ஆற்றிக் குடித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேடை காலியாயிற்று. மலர்விழி கேபினுக்குள் போய், ஜெகதீசனிடம் காலையில் தான் சொன்னது முழு உண்மை இல்லை என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள். ஆசிப் வாசலில் நின்று கேட்டான். ராஜாமணி டீக்கடையை விட்டுச் சாலையின் இந்தப் பக்கம் வரை வந்து, கேபினுக்குள் மட்டும் நுழையாமல் ஜன்னலோரம் நின்றார்.

ஜெகதீசனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுடைய எண்ணும் ராஜாமணியின் எண்ணும் எப்படி ஒன்றாக இருக்கும் என்றார். அவள் லேப்டாப்பில் தன் எண்ணை எடுத்துக் காட்டினாள், மில் கம்ப்யூட்டரில் ராஜாமணியின் எண்ணையும் காட்டினாள். ஆயிரத்தொன்று, ஆயிரத்தொன்று. அவர், ஆதார் எண் மாதிரி ஆளுக்கு ஒன்றுதானே இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத் தானே எண்ணிக்கொள்ளும், ஊர் ஊருக்கு ஒரு ஒன்றாம் வார்டு இருப்பது மாதிரி என்று விளக்கிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயசானவர் என்று பாவம் பார்க்கிறீர்கள், நல்ல மனசு என்றார்.

அப்போதுதான் ஆசிப் வாயைத் திறந்தான்.

“சார், இந்தக் கம்ப்யூட்டர்ல உங்களுக்கும் யூசர் இருக்குல்ல? உங்க நம்பர் ஆயிரத்து ரெண்டு.”

மலர்விழி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் ஒரு வருஷமாக அவள் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறு பேச்சில்லாமல் உட்கார்ந்தாள்.

லேப்டாப்பில் அட்டவணை ஃபைலை ஆயிரத்து இரண்டு என்ற எண்ணுக்கு மாற்றினாள். அந்த எண்ணில் அவளுடைய லேப்டாப்பில் யாரும் இல்லை; எண் மட்டுமே போகும். விட்டுப்போன அந்த வார்த்தையை இம்முறை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பேக்கேஜைக் கட்டினாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆசிப் அதை மில் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இருவரும் கையை எடுத்துவிட்டு, ஈரத்தைத் தட்டுமாறு ஜெகதீசனையே கேட்டுக்கொண்டார்கள். அவர் தட்டினார்.

‘ஈர அட்டவணையின் உரிமையாளர் நம்பத் தகாதவர்: ஜெகதீசன். எடை பதியப்படாது.’

ஜெகதீசன் திரையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளினார், திரைக்கும் தனக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தால் நல்லது என்பது போல.

“நான் எதையும் தொடலையே” என்றார்.

ஜன்னலோரத்திலிருந்து ராஜாமணி சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கிய சிரிப்பு. பிறகு தன் போனைத் தூக்கி, ஜன்னல் கம்பிக்கு நடுவில் வைத்து, நிதானமாகத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

“எடுத்துடுங்கம்மா, ஜல்தியா எடுத்துடுங்க” என்றார் ஜெகதீசன். போட்டோவைச் சொல்கிறாரா பெயரைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. மலர்விழி பெயரை எடுத்தாள். போட்டோ அவள் கையில் இல்லை.

அந்தப் போட்டோவை ராஜாமணி குரூப்பில் போடவில்லை. போட வேண்டிய அவசியம் வரவில்லை. ஜெகதீசன் பத்து நிமிஷத்துக்குள் காலைப் போட்டோவை நீக்கிவிட்டு, சாப்ட்வேர் கம்பெனியின் தவறால் ராஜாமணியின் பெயர் வந்துவிட்டது என்றும், அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் நீளமாக ஒரு செய்தி எழுதினார். விளக்கக் கடிதம் தேவையில்லை என்று கடைசியில் சேர்த்தார். மலர்விழியிடம் காட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள், ‘சாப்ட்வேர் கம்பெனியின் தவறால்’ என்பதை ‘மலர்விழியின் தவறால்’ என்று மாற்றச் சொன்னாள். அவர் தயங்கினார். அவள் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயம்.

ராஜாமணி உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பன்னிரண்டு ஃபைலுக்கும் தான்தான் ஓனரா என்று ஆசிப்பிடம் கேட்டார். ஆமாம் என்றான் ஆசிப். இப்போது யார் என்றார். ரூட் என்றான்.

“ரூட்டுன்னா யாரு?”

“எல்லாத்துக்கும் அவருதாண்ணே முதலாளி.”

“இங்க வருவாரா?”

“வரமாட்டாரு. அவரு பேர்ல நாங்கதான் வர்றோம்.”

அப்படிப்பட்ட முதலாளிகளைத் தனக்குத் தெரியும் என்று ராஜாமணி சொல்லிவிட்டு, அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது ஆசிப் பைக்கில் மலர்விழியைப் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். தான் அவனுக்கு வைத்ததுபோல இவனும் தனக்கு ஒரு பெயர் வைத்துத் தொலைக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. பஸ் வந்து நின்றபோது, ஷார்ஜாவில் ஒரு தடவை தானும் இதே மாதிரி ஒரு வார்த்தையை விட்டதையும், பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் நாள் முழுக்க ஒரு பேங்க் சர்வருக்குச் சொந்தக்காரனாக இருந்ததையும் சொன்னான். அதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று அவள் படியில் கால் வைத்தபடி கேட்டாள்.

“சொல்லியிருந்தா எனக்கு ரெண்டாவது பேரு வச்சிருப்பீங்க மேடம்” என்றான்.

மறுநாள் பவர் சப்ளை வந்தது. மலர்விழி அலுவலகக் கம்ப்யூட்டரின் கட்டளை வரிசையில் கடைசியாக ஒரு சோதனையைச் சேர்த்தாள். பேக்கேஜுக்குள் ரூட் தவிர வேறு யார் பெயராவது இருந்தால் பேக்கேஜ் வெளியே போகாது. சோதனைக் கம்ப்யூட்டரின் நம்பத் தகுந்தவர்கள் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கினாள். நீக்கிய அன்றே இரண்டு முறை, அவள் பெயரில் இருந்த அட்டவணையை ஏற்க அந்தக் கம்ப்யூட்டர் மறுத்தது. இரண்டு முறையும் ஆசிப் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். எச்சரிக்கை வாக்கியத்தையும் மாற்றினாள். இப்போது அதில் யார் பெயரும் வராது. அட்டவணை ரூட் பெயரில் இல்லை, விழுப்புரத்துக்குப் போன் செய்யவும் என்று வரும். கீழே அவளுடைய எண், போன் எண்.

அடுத்த வாரம் புது வெர்ஷனை ஏற்ற அவளே திண்டிவனம் போனாள். வேலை முடிந்ததும் ராஜாமணி ஒரு விஷயம் கேட்டார். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று விவசாயிகள் அவரிடம்தான் கேட்கிறார்கள். முன்னால் சுவரில் தாள் ஒட்டியிருந்தது, பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது எல்லாம் உள்ளே போய்விட்டது. மாற்ற வேண்டாம், பார்க்கவாவது முடியுமா என்றார்.

மலர்விழி யோசித்தாள். அட்டவணையை ரூட்டும் புரோகிராமும் தவிர யாரும் படிக்கக்கூட முடியாதபடி வைத்திருந்தாள். யாரும் திருத்தக்கூடாது என்று நினைத்தவள், யாரும் பார்க்கவும் கூடாது என்று ஏன் வைத்தோம் என்று தேடிப் பார்த்தாள். காரணம் கிடைக்கவில்லை. ‘பார்வை’ என்று ஒரு குரூப் உருவாக்கினாள். அட்டவணையின் சொந்தக்காரர் ரூட்டாகவே இருக்க, அதன் குரூப்பை மட்டும் பார்வை என்று மாற்றி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்தாள். புரோகிராமின் யூசரைச் சேர்த்துவிட்டு, அடுத்து ராஜாமணியைச் சேர்த்தாள். இனி எந்த வெர்ஷன் வந்தாலும் அந்தக் குரூப் இருக்கும்படி பேக்கேஜிலும் எழுதிக்கொண்டாள்.

அவர் பெயரில் நுழைந்து, திறந்து காட்டினாள். ராஜாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். ஒரு எண்ணை அழித்துப் பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஜன்னலில் பனமலைக்கார விவசாயி ஒருவர் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பி, ஒன்பது சதவீதத்துக்கு எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினார். பனமலைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, பத்துக்குப் போட்டிருப்பது ரொம்ப அதிகம் என்று சண்டைக்கு வந்தார். ராஜாமணி அதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

சண்டைச் சத்தம் கேட்டு ஜெகதீசன் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன்னையும் அந்தக் குரூப்பில் சேர்க்க முடியுமா என்று மலர்விழியிடம் தணிந்த குரலில் கேட்டார். சேர்த்தாள். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்க்க விரும்பினார். காட்டினாள். எடை, ராஜாமணி, ஜெகதீசன் என்று வரிசையாக இருந்தது.

“பேரு அகரவரிசையில வராதா?” என்றார் ஜெகதீசன்.

“சேந்த வரிசையிலதான் சார் வரும்” என்றாள் மலர்விழி.

ராஜாமணி திரும்பிப் பார்க்கவில்லை. பனமலைக்காரரிடம் பதினொன்றுக்கு எவ்வளவு என்று படித்துக்கொண்டிருந்தார்.